முட்டைக்குள் முட்டை

காலை 9.10. திருச்செங்கோடு சாலைக் கல்லூரியின் நிலவியல் துறையில் கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. தேங்காய் அளவு டைனோசர் முட்டையைக் காணவில்லை.

மத்தியப் பிரதேசத்தில் ஒரு டைனோசர் முட்டைக்குள் இன்னொரு முட்டை இருந்ததாகச் சில ஆண்டுகளுக்கு முன் செய்தி வந்தது. இதுவும் அப்படி இரட்டை ஓடுதானா என்று பார்க்க, அதை இரவல் தந்த அரியலூர் ஆராய்ச்சியாளர் பத்தரை மணிக்கு வருகிறார். மேல் ஓடுதான் சாட்சி.

9.45. எஸ்.ஐ. மலர்விழி வந்தார். பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு. ஒன்று துறைத்தலைவர் பாலசுந்தரத்திடம். மற்றது துப்புரவுப் பணியாளர் பெருமாயியிடம். பெருமாயியின் வேலை நிரந்தரமாக இந்த மாதம்தான் பரிந்துரை போயிருந்தது. மலர்விழி முதலில் திறந்தது பெருமாயியின் பையை. உள்ளே ஒரு சாப்பாட்டுப் போசி, வெற்றிலை.

"நேத்து ஆயுத பூசை. என்ன பண்ணீங்க?"

"குத்துவெளக்கப் புளி போட்டு வெளக்குனனுங்க. மீதிப் புளியக் கிண்ணத்துல வெச்சனுங்க. அலமாரிக் கல்லு அத்தனைக்கும் சந்தனம், குங்குமம். பன்னண்டு மணிக்கு ஊட்டுக்குப் போயிட்டனுங்க."

"முட்டைக்கு?"

"அதுக்கும் வெச்சனுங்க. அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அப்ப முட்டைய எடுத்திருக்கீங்க."

"ரெட்டை முட்டைங்கிறாங்க. நான் இருந்த கோழிப் பண்ணையில அது அப்பப்ப வருமுங்க. ஆம்லெட் போட்டுருவோம். இதத் திருடி என்ன பண்றதுங்க?"

பாலசுந்தரம் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மேடம், சாரோட பையப் பாக்கலீங்களா?" என்றார் பெருமாயி.

மலர்விழிக்கு முகம் சுட்டது. பத்தாண்டு சர்வீஸில் துடைப்பம் பிடித்தவர்களின் பையை மட்டுமே முதலில் திறந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் அலமாரிப் பக்கம் திரும்பினார். அப்படித்தான் கண்ணில் பட்டது.

"எல்லாக் கல்லுக்கும் பொட்டு இருக்கு. கீழ்த்தட்டுல இந்த உருண்டைக்கு மட்டும் இல்ல. பெருமாயியக்கா ஒளிச்சிருந்தா ஒரு பொட்டு வெச்சு, கலந்து விட்டிருப்பாங்க. இது பூசை முடிஞ்சப்புறம் வந்த கல்லு. கழுவுன கல்லு. கிண்ணத்துல சக்கைதான் மிச்சம். புளி எங்க போச்சுங்க சார்?"

பாலசுந்தரம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"குங்குமம் தண்ணிக்குப் போகல. ஆராய்ச்சியாளர் பாத்தா சிரிப்பாரேன்னு புளியில ஊற வெச்சு பிரஷ்ல தேச்சேன். நுரைச்சுது. மேல் ஓடு செதில் செதிலா வந்துருச்சு. பயந்து, மத்த கல்லோட கல்லா வெச்சுட்டேன்."

ஓடு சுண்ணாம்பு, புளிப்பு அதைக் கரைக்கும். முதலாண்டு மாணவர்களுக்கு ஜூன் மாதமே அவர் நடத்தும் பாடம். ஆறரைக் கோடி ஆண்டுக்கும் மேல் மண்ணுக்குள் தாக்குப்பிடித்த ஓடு, இரண்டு எலுமிச்சை அளவுப் புளிக்குத் தாங்கவில்லை.

"திருட்டு இல்ல. ஆனா நடந்தத எழுதிக் குடுங்க சார். பெருமாயியக்கா பேருக்கு ஒண்ணும் வரக் கூடாது," என்றார் மலர்விழி. பிறகு பெருமாயியிடம், "தப்பு எம்மேலயும் இருக்குதுங்கக்கா."

பெருமாயி அவரை விட்டுவிட்டுப் பாலசுந்தரத்தைப் பார்த்தார்.

"கல்லு போனாப் போவுது சார். என்னையக் கேக்கறப்ப பக்கத்துலதான் நின்னீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?"

வெளியே அரியலூர் ஜீப் ஹாரன் அடித்தது. பாலசுந்தரம் எழுந்து, கல்லை இரு கையிலும் ஏந்திக்கொண்டு, தானே சொல்லப் போனார்.