ஆளில்லாத பனியன்

பனியனின் கம்பியைப் பிடுங்கி மேசைமேல் வைத்த பிறகும் திரையில் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

தேஜஸ்ரீ கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். ஞாயிறு மதியம், இயற்பியல் துறை ஆய்வகத்தில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. சன்னலுக்கு வெளியே வானம் இருட்டிக்கொண்டு வர, சாயப்பட்டறை வாடை உள்ளே ஏறியது. சுவரோரம் ஆணியில் தொங்கிய வெள்ளிப்பூச்சுப் பனியன் காற்றில்லாமலே லேசாக அசைந்தது. போட்டிருப்பவரின் இதயத் துடிப்பை அளக்கும் பனியன் அது, அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி.

கடைசியாக அதைப் போட்டிருந்தவள் மண்ணரை பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டிய ஒச்சாயி. "அப்பப்ப நெஞ்சு நின்னு நின்னு அடிக்குது தாயி. ஒம் மிஷின்ல எதுவும் தெரியுதா?" என்று கேட்டாள். தெரியத்தான் செய்தது. மூன்று துடிப்பு, ஓர் இடைவெளி.

"தையல் மிஷின் அதிருதுங்கக்கா, அதானுங்க" என்றாள் தேஜஸ்ரீ.

தையல் மிஷினை நிறுத்திய பிறகும் அந்த இடைவெளி வந்ததை அவள் பார்த்திருந்தாள். இருந்தும் அதிர்வு என்று சொல்லி, அந்த இடைவெளிகளைப் பதிவிலிருந்து அழித்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். ஒன்பதாம் நாள் ஒச்சாயி மிஷின் மேலேயே சாய்ந்து போய்ச் சேர்ந்தாள். சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிக்காவது போயிருப்பாளே, பாவி நான் வாயை மூடிக்கொண்டேனே என்று அன்றிலிருந்து இவளுக்குத் தூக்கமில்லை.

திரையில் மூன்று துடிப்பு. ஓர் இடைவெளி.

போன் அடித்தது. ஆய்வு வழிகாட்டி கிட்டுசாமி. "கண்ணு, கட்டுரை சாயங்காலத்துக்குள்ள போகோணும். அந்த மண்ணரை ரீடிங்ல ஒண்ணும் பிரச்சனை இல்லீல்ல?"

இப்போதாவது சொல்லிவிடலாம். சொன்னால் போவது மூன்று வருடம். பட்டம்.

"இல்லீங்க சார். சுத்தமா இருக்குதுங்க."

போனை வைத்தாள். பனியன் இப்போது அசையவில்லை. மார்புப் பக்கம் புடைத்தது. மெல்ல அடங்கியது. மறுபடி புடைத்தது.

அலமாரியில் போட்டுப் பூட்டிவிடலாம் என்று ஆணியிலிருந்து எடுத்தாள். வியர்வை ஈரம். மிஷின் எண்ணெய் வாடை. சூடு. உள்ளங்கைக்கு அடியில் விலா எலும்பு. துடிப்பு. துடிப்பு. துடிப்பு.

அடுத்தது வரவில்லை.

பிறகு கனம். ஒரு முழு ஆளின் கனம். வெறும் பனியன் அவள் தோளில் சாய்ந்தது. கீழே விடத் தைரியமில்லாமல் இரு கைகளாலும் தாங்கியபடி நின்றாள். அது அவள் மேலேயே மெல்லக் குளிர்ந்துகொண்டிருந்தது.