ஆறு மணிக் கட்டம்

மதியம் ஒன்று நாற்பதுக்கு நோரா மூன்றாம் மாடிக்குப் படியேறினாள். லிஃப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும்.

காலை ஏழரைக்குச் சேப்பல். எட்டிலிருந்து பன்னிரண்டரை வரை வகுப்பு. சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே ஒரு நிமிடம் தூங்கியிருந்தாள். வெள்ளை ஷூவுக்குள் குதிகால் கொப்புளம் உடைந்து சாக்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பி.எஸ்ஸி. நர்சிங், ஆறாவது செமஸ்டர். டெங்கு வந்து படுத்ததில் வார்டுப் பயிற்சியில் நாற்பது மணி நேரம் பாக்கி விழுந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் முடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்காவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. ஆறு மாதம் போகும்.

அன்று புதன்.

பெண்கள் வார்டு பழைய கட்டடத்தில் இருந்தது. உயரமான கூரை. நீண்ட கம்பிகளில் தொங்கும் மின்விசிறிகள். இருபத்திரண்டு படுக்கைகள். ஃபினாயிலும் ஆறிய கஞ்சியும் கலந்த வாடை. கடைசி ஜன்னலோரம் பதினான்காம் படுக்கை. அதில் முத்தம்மா.

முத்தம்மாவுக்கு அறுபது இருக்கும். வீடு ஈஜிபுராவில். முப்பது வருடம் தெரு பெருக்கியவள். அந்தத் தூசி முழுக்க இப்போது நுரையீரலில் இருந்தது. மூச்சு வாங்கும்போது ஈரச் சாக்கை இழுப்பது போல் ஒரு சத்தம் வரும். நெஞ்சில் சதா தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள். மகன் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டுகிறான். மாலையில்தான் வருவான்.

நோரா அவள் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடியை எண்ணினாள்.

மூச்சை எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. நாடியை எண்ணி முடித்த பிறகும் கையை விடக்கூடாது. நாடி பார்ப்பது போலவே பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். முதல் வருடத்தில் பியாட்ரிஸ் மேடம் இதைச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் வருடத்தில் சீனியர்கள் வேறொன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். நாடியை எண்ணு, மூச்சை எழுது. இருபத்திரண்டு படுக்கைக்கு இருபத்திரண்டு நிமிடம் யாரிடமும் இல்லை. எல்லோரும் இருபது என்று எழுதினார்கள்.

நோரா கையை விட்டாள்.

"எத்தனைம்மா?" என்றாள் முத்தம்மா. ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"இருபது."

"நேத்தும் இருபதுதான் சொன்னே."

"அப்ப நல்லதுதானே. இருபதுக்கு இருபது."

"என் பையன் ஸ்கூல்ல ஒரு வாட்டிகூட வாங்கல." சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமெடுத்தது.

நோரா சார்ட்டில் இரண்டு மணிக் கட்டத்தில் எழுதினாள். அப்படியே பேனாவை நகர்த்தி, ஆறு மணிக் கட்டத்திலும் மூச்சை எழுதிவைத்தாள். இருபத்திரண்டு சார்ட்டிலும் இருபது. ஆறு மணிக்குக் கொஞ்சம் வேலை குறையும்.

ஆறு மணிக்கு அவள் தெர்மாமீட்டரோடு கடைசி ஜன்னலுக்கு வந்தபோது, முத்தம்மா கழுத்து வரை போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கட்டும் என்று விட்டாள். அது இரக்கம் என்றே அப்போது நினைத்தாள். இரண்டு மணிக் கட்டத்தைப் பார்த்து வெப்பத்தையும் நாடியையும் சற்று மாற்றி எழுதினாள்.

ஆறு நாற்பதுக்கு மகன் ரவிக்குமார் வந்தான். கையில் பன் பொட்டலம்.

"சிஸ்டர், கை ஜில்லுனு இருக்கு."

டாக்டர் வந்தார். கண்ணில் டார்ச் அடித்தார். சார்ட்டைப் புரட்டினார்.

"ஆறு மணிக்கு நல்லாத்தான் இருந்திருக்காங்க. திடீர்னு நின்னிருக்கு."

"கை இவ்ளோ ஜில்லுனு இருக்கே டாக்டர்."

டாக்டர் அடுத்த ஃபைலை எடுத்துவிட்டார்.

உடலைத் துடைக்க நோராவையே உதவிக்கு விட்டார்கள். வார்டு சிஸ்டர் தாடையைக் கட்டப் போனாள். தாடை விறைத்து, வாய் மூட வரவில்லை. அவள் ஒரு கணம் நின்றாள். சார்ட்டைப் பார்த்தாள். பிறகு நோராவை.

"நாலு மணிக்கே போயிருக்கு," என்றாள் மெதுவாக. "பேகா முடி, சீக்கிரம். அடுத்த அட்மிஷன் வரும்."

ஈரப் பஞ்சை எடுத்து நோராவிடம் நீட்டினாள்.

வியாழக்கிழமை அந்தப் படுக்கை காலியாக இருந்தது. மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டிருந்தார்கள். வெறும் இரும்புச் சட்டம்.

இனி எண்ணுவது என்று நோரா முடிவு செய்திருந்தாள். எல்லோருடையதையும், முழு நிமிடம். பன்னிரண்டு படுக்கைகளை எண்ணி முடித்தாள். பதினாறு, பதினெட்டு, இருபத்திரண்டு. ஒன்றுகூட இருபது இல்லை.

பதிமூன்றாம் படுக்கையில் ஆஞ்சலா. டைஃபாய்டு, நாளை டிஸ்சார்ஜ்.

நாற்பது.

திரும்ப எண்ணினாள். நாற்பது.

"என்ன சிஸ்டர், இவ்ளோ நேரம் பிடிச்சிட்டிருக்கீங்க?" என்றாள் ஆஞ்சலா. "நாளைக்கு வீட்டுக்குப் போவேனா, இல்ல மேல போவேனா?"

அவள் முகத்தில் இளைப்பு இல்லை. நிதானமாகத்தான் மூச்சு விட்டாள். நோரா கண்ணைச் சட்டைப் பொத்தானில் நிறுத்தினாள். நெஞ்சு ஏறியது. இறங்கியது. இறங்கி நின்ற இடைவெளியில் இன்னொரு மூச்சு கேட்டது.

ஈரச் சாக்கை இழுப்பது போல.

பக்கத்துப் படுக்கையிலிருந்து.

மெத்தை இல்லாத இரும்புச் சட்டத்துக்கு மேலே ஜன்னல் வெளிச்சம் மட்டும் கிடந்தது. தைல வாடை அடித்தது.

நோரா ஆஞ்சலாவின் கட்டத்தில் இருபது என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலை சேப்பலில் மௌன ஜெபம். ஒரு நிமிடம். நோராவின் வலப்பக்கம் அவளுடைய ரூம்மேட் சங்கமித்ரா. புத்தர் படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு இங்கே வருபவள்.

"சேப்பலுக்கும் அட்டெண்டன்ஸ்," என்று முணுமுணுத்தாள் சங்கமித்ரா. "சாமிக்கே நம்ம மேல நம்பிக்கை இல்லடி."

இடப்பக்கம் யாரும் இல்லை. சுவர்.

கண்ணை மூடியதும் இடது மணிக்கட்டில் விரல்கள் பட்டன. மூன்று விரல்கள். கட்டைவிரல் பக்கம், சரியான இடத்தில். அழுத்தம்கூடச் சரியாக இருந்தது. நாடியை எண்ணும் நேரம் கழிந்தது. விரல்கள் எடுக்கப்படவில்லை.

மூச்சை எண்ணுகிறார்கள்.

அது தெரிந்ததும் அவளுக்கு மூச்சு மாறிவிட்டது.

ஆமென் சொன்னபோது விரல்கள் விலகின. மணிக்கட்டில் மூன்று வெளிறிய குழிகள்.

"என்னடி, வேர்த்துக் கொட்டுது? திரும்பக் காய்ச்சலா?"

"இல்ல. தூங்கல."

"யார்தான் தூங்கினாங்க," என்றாள் சங்கமித்ரா.

வகுப்பு முடிந்ததும் நோரா பியாட்ரிஸ் மேடத்தின் அறைக்குப் போனாள். மேடம் இரண்டாம் வருட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கருப்பு. மேசையில் ஆடை படிந்த காபி.

"மேம், புதன்கிழமை ஆறு மணிக்கு நான் பதினாலைத் தொடவே இல்ல."

சிவப்புப் பேனா நின்றது.

"நோரா, நான் இதைக் கேட்டேன்னா எழுதி மேல அனுப்பணும். அனுப்பினா உன்னோட செமஸ்டர் போகும். வார்டு சிஸ்டரையும் கூப்பிடுவாங்க. புரியுதா?"

"புரியுது மேம்."

"நான் கேட்டேனா?"

நோரா காபியில் படிந்த ஆடையைப் பார்த்தாள்.

"எத்தன மணி நேரம் பாக்கி?"

"பதிமூணு."

"இன்னைக்கு, நாளைக்கு. முடிச்சிடு. சனிக்கிழமை நானே வார்டுக்கு வந்து சைன் போடறேன்." பேனா மறுபடி நகர்ந்தது. "நாங்க படிக்கும்போதும் இருபதுதான் எழுதினோம். கதவைச் சாத்திட்டுப் போ."

வெள்ளி மாலை அவள் கடைசி ஜன்னல் பக்கம் போகவில்லை. பதிமூன்றிலிருந்து ஜூனியர் ஒருத்தியை அனுப்பினாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு ரவிக்குமார் வார்டுக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. அம்மாவின் பையைக் கேட்டான். நோரா லாக்கரிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு டம்ளர், ஒரு சால்வை, பாதித் தைல பாட்டில்.

அவன் பையை வாங்கிக்கொண்டு நின்றான்.

"நீங்கதான அன்னிக்கு ஆறு மணிக்குப் பாத்தீங்க?"

"ஆமா."

"ஆறுக்குள்ள வந்திடறேன்னு சொல்லியிருந்தேன் சிஸ்டர். டிராப் முடிச்சிட்டு வந்தா சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன். நாப்பது நிமிஷம். வண்டி நகரவே இல்ல." தரையைப் பார்த்தான். "ஆறுக்கு வந்திருந்தா பேசியிருக்கலாம்ல?"

நோரா வாயைத் திறந்தாள். நாலு மணிக்கே போய்விட்டாள், நீ ஆறுக்கு வந்திருந்தாலும் பேசியிருக்க முடியாது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் அவன் தூங்குவான். அவளுக்கு ஆறு மாதம் போகும்.

"அம்மா டெய்லி ஃபோன்ல நம்பர் சொல்வாங்க," என்றான். "'இன்னிக்கும் இருபதுடா, சிஸ்டர் எண்ணிப் பாத்துச் சொல்லிச்சு'ன்னு. என்ன கணக்கோ எனக்குத் தெரியாது. அவங்களுக்கு அதுல ஒரு தைரியம்." நிமிர்ந்தான். "அன்னிக்கும் இருபதா சிஸ்டர்?"

மணிக்கட்டில் மூன்று விரல்கள் வந்து அமர்ந்தன.

"ஆமா," என்றாள் நோரா. "இருபது."

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்காங்க," என்றான் ரவிக்குமார். "நான்தான் லேட்டு."

அவன் படியிறங்கும் சத்தம் கேட்டது. தைல பாட்டில் அவனோடு போயிற்று. வாடை போகவில்லை.

ஐந்தே முக்காலுக்குப் பியாட்ரிஸ் மேடம் வந்தார். நோட்டை வாங்கினார். நாற்பது மணி நேரத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். நோராவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"போய்த் தூங்கு."

"ஆறு மணி ரவுண்ட் இருக்கு மேம்."

"அதை முடிச்சிட்டுப் போ."

ஜூனியர் அன்று வரவில்லை. நோரா ஒன்றிலிருந்து தொடங்கினாள். கால் மரத்திருந்தது. சந்தோஷம் எதுவும் இல்லை. ஹால் டிக்கெட் வரும், அவ்வளவுதான். பதிமூன்றில் ஆஞ்சலா போய் வேறொருத்தி வந்திருந்தாள்.

பதினான்கில் மெத்தை திரும்ப வந்திருந்தது.

யாரோ படுத்திருந்தார்கள். கழுத்து வரை போர்வை. முகம் ஜன்னல் பக்கம்.

புது அட்மிஷன். சொல்லவே இல்லையே என்று நினைத்தாள். கால்மாட்டில் சார்ட் தொங்கியது. புதுத் தாள். பெயர் எழுதவில்லை. எல்லாக் கட்டங்களும் காலி.

ஆறு மணிக் கட்டத்தில் மட்டும் இருபது என்று இருந்தது.

அவளுடைய கையெழுத்து.

வார்டில் மின்விசிறிகள் சுற்றின. யாரோ கரண்டியால் தட்டைச் சுரண்டினார்கள். மேடம் வெளி வராந்தாவில் யாரிடமோ கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

நோரா போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாள்.

ஜில்லென்று இருந்தது.

மூன்று விரல்களை வைத்தாள். வாட்சைத் திருப்பிக்கொண்டாள். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. கையை விடாமல் போர்வையைப் பார்த்தாள். முழு நிமிடம். சொல்லிக்கொடுத்தபடி.

பத்து நொடி.

முப்பது.

போர்வை ஏறவில்லை.

ஐம்பது.

நொடிமுள் ஒரு சுற்றை முடித்தது. அவள் இன்னும் ஒன்று என்றுகூட எண்ணவில்லை.

அவள் பிடியில் இருந்த கை மெதுவாகத் திரும்பியது. மூன்று விரல்கள் அவள் மணிக்கட்டைத் தேடி, சரியான இடத்தில் அழுத்தின. முகம் ஜன்னல் பக்கமே இருந்தது.

"எத்தனைம்மா?"