நடந்து வந்த நாரைகள்

முதல் போன் வந்தபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. நெடுஞ்சாலை ஓரமாக நாரைகள் நடந்து போகின்றனவாம். இளவேனில் தொடங்கினால் வலசைப் பறவைகளைப் பார்த்தவர்கள் பறவை ஆர்வலர் சங்கத்துக்குச் சொல்வார்கள். வீட்டிலிருந்தபடியே அந்தப் போன்களை எடுப்பது அவள் வேலை.

“எந்தப் பக்கமாப் பறந்துச்சு?” என்று வழக்கம்போலக் கேட்டாள்.

“பறக்கலைங்க. ஸ்கூல் பசங்க மாதிரி வரிசையா நடக்குது. ஒண்ணுகூடத் தலையை நிமிர்த்தல” என்றார் பேசிய பெரியவர்.

பிறகு போன் ஓயவே இல்லை. பாலத்துக்கு அடியில் காட்டுவாத்துகள் நெருக்கியடித்து நிற்கின்றன. கடலே இல்லாத ஊரில், சைக்கிள் ஷெட்டுக்குள் கடற்பறவைகள். மளிகைக் கடை மேசைக்கு அடியில் ஒரு பருந்து. அதை ஒட்டியே சிட்டுக்குருவிகள்.

பஸ் ஓட்டும் கணவனும் கூப்பிட்டான். “என்ன, உன் ஆளுங்க எல்லாம் ஸ்ட்ரைக்கா? ரோடு பூரா நடக்குதுங்க. ஹார்ன் அடிச்சாலும் பறக்க மாட்டேங்குது. டிக்கெட் கொடுத்து ஏத்திக்கவா?”

அவளும் சிரித்து வைத்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஏழு வயது மகளிடம் பைனாகுலரைக் கொடுத்தாள். “கண்ணு, மாடிக்குப் போய்ப் பாரு. ஒரு பறவையாவது பறக்குதான்னு சொல்லு.” கேட்க வேண்டுமா? மகள் தடதடவென்று ஓடினாள்.

மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து தரையில் விழுந்து கிடக்க, தெருவில் ஒரு காக்கைகூடக் கரையாத அந்த அமைதியில், நனைந்த இறகின் வாடை எங்கிருந்தோ மெல்ல வந்து அறையெல்லாம் பரவ, படுக்கையறைக்குள் ஏதோ தரையை விடாமல் தட்டிக்கொண்டே இருப்பது அவளுக்குக் கேட்டது. போய்ப் பார்த்தாள். கட்டிலின் கால்தான் ஆடிக்கொண்டிருந்தது.

குனிந்தாள். கட்டிலுக்கு அடியில் மைனாக்கள், புறாக்கள், கழுத்தை மடக்கிச் சுவரோடு சுவராக ஒண்டிய ஒரு நாரை. எல்லாமே கண்ணை மூடிக்கொண்டிருந்தன. கையைத் தட்டினாள். எதுவும் நகரவில்லை. நடுங்கின. அவை நடுங்கிய நடுக்கத்தில்தான் கட்டில் ஆடியது.

அவளுக்குப் புரிந்தது. இவற்றால் பறக்க முடியாமல் இல்லை. மேலே போகப் பயம்.

மேலே. மாடியில். அவளேதான் மகளை அனுப்பி வைத்திருந்தாள்.

“அம்மா, பறவையே இல்ல!” மாடியிலிருந்து மகளின் குரல்.

“கீழ வா! உடனே வாடி!”

“இரும்மா. ஒண்ணே ஒண்ணு இருக்கு. ரொம்பப் பெருசு. பறக்கல, சும்மா நிக்குது.” குரல் தணிந்தது. “என்னைப் பார்த்துடுச்சும்மா.”

ஓடினாள். படி. இன்னொரு படி. முட்டி இடித்தது. வலிக்கவில்லை.

மாடிக் கதவு திறந்திருந்தது. வெயில் இல்லை. காற்றும் இல்லை. கொடியில் காயப்போட்ட துணிகள் எல்லாம், கிளிப்புகளின் பிடியில், மேல்நோக்கி நின்றன.

மகளின் செருப்பு ஒன்று தரையில் கிடந்தது. மற்றொன்று முழங்கால் உயரத்தில், மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது.

“அம்மா.”

குரல் உச்சியிலிருந்து வந்தது. வெகு உயரத்திலிருந்து.

நிமிர வேண்டும். மகள். நிமிர வேண்டும். கழுத்து மறுத்தது. தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய பின்னலும் முதுகைவிட்டு விலகி, காதை உரசிக்கொண்டு, மெல்ல மேலே எழுந்தது.