பட்டியலில் ஒன்பதாவது இடம்

காலை 8.40. கார்ச் சாவியைக் காணவில்லை.

முந்தின நாள் மாலை, தங்கியிருந்த பல் டாக்டர் நண்பர் வீட்டு வாசல் கதவருகே கணவர் மாட்டியது. இப்போது ஆணி மட்டும் இருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா பெருமூச்சு விட்டார். மூன்று வருடம் கழித்துக் கிடைத்த ஐந்து நாள் லீவு. மருந்துக்கடை நடத்தும் கணவர், பன்னிரண்டு வயது மகள், பதினோரு இடங்கள் எழுதிய பட்டியல், நடுநடுவே கணவரின் நண்பர்கள் வீடு. இன்று நான்காம் நாள். ஒன்பதாவது இடம் மலைமேல் ஓர் அருவி. பதினோரு மணிக்கு மேல் வண்டியை விடமாட்டார்கள். லீவிலும் இதே பிழைப்பா என்று அவருக்கு அலுப்பாக இருந்தது.

9.05. முதலில் மகள். நேற்று அருங்காட்சியகத்துக்குள் வர மறுத்துப் படியிலேயே உட்கார்ந்தவள். இப்போது மடியில் டாக்டர் வீட்டுப் பூனை.

"சாவி எங்கடி?"

"தெரியாதும்மா. நான் எடுக்கிறதா இருந்தா முதல் நாளே எடுத்திருப்பேன்."

நம்பும்படி இருந்தது. டாக்டர் ஆறரைக்கே கிளினிக் போய்விட்டார். ஏழு மணிக்குப் பெருக்கும்போது சாவி ஆணியில் இருந்ததாக அவர் மனைவி சொன்னார். அந்த அம்மாளோ விருந்தாளிகளை அனுப்பும் அவசரத்தில், அவர்கள் பல் தேய்ப்பதற்குள் படுக்கை விரிப்புகளை உருவியிருந்தார். அவர் ஒளிக்க வாய்ப்பில்லை.

9.30. கணவர் சோபாவுக்கு அடியில் தலையை விட்டுத் தேடினார். இன்ஸ்பெக்டரம்மா கொல்லைப்பக்கம் போனார். கொடியில் தொங்கிய நீலச் சட்டை சொத்தென்று முகத்தில் மோதியது. துடைத்துக்கொண்டு செருப்பு வைக்கும் இடத்தைக் கிளறினார். ஒன்றுமில்லை.

9.50. சோர்ந்துபோய்ப் பெட்டிமேல் உட்கார்ந்தார். கழுத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. சட்டென்று எழுந்து கணவரைக் கார் பக்கம் கூப்பிட்டார்.

"நீலச் சட்டையை எப்பங்க துவைச்சீங்க?"

"ஏழரை இருக்கும்."

"எட்டே முக்காலுக்குக் கிளம்பற மனுஷன் சொட்டச் சொட்டத் துவைச்சுக் கொடியில போடுவாரா? இன்னிக்குப் போகப் போறதில்லன்னு இந்த வீட்ல ஒருத்தருக்குத்தான் முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

கணவர் கார்மேல் சாய்ந்துகொண்டார்.

"நேத்து ஒரு வளைவுல கண்ணு சொக்கிடுச்சு. லாரிக்காரன் ஹாரன்லதான் முழிச்சேன். நீங்க ரெண்டு பேரும் பின்னாடி தூங்கிட்டிருந்தீங்க."

"சொல்லியிருக்கலாமே."

"உன் லீவு. உன் பட்டியல். எப்படிச் சொல்றது?"

இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடி வழியே டிரைவர் சீட்டைப் பார்த்தார். வேலையில் ஜீப்புக்கு எப்போதும் டிரைவர் உண்டு. இன்ஸ்பெக்டரம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மூன்று நாளும் ஸ்டியரிங்கைப் பிடித்தது ஒரே ஆள். முன்பின் தெரியாதவன் முகத்தை ஒரு நிமிடத்தில் படிப்பவர், சொந்தக் கணவரின் சிவந்து கிடந்த கண்களைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

10.30. விசாரணை நீளும், சாவி இன்று கிடைப்பது சந்தேகம் என்று வீட்டாரிடம் அறிவித்தார். மகள் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் மனைவி விரிப்புகளைத் திரும்ப விரித்தார். ஐந்தே நிமிடத்தில் அவற்றின்மேல் கணவரின் குறட்டை.

இன்ஸ்பெக்டரம்மா மகளின் பாவாடையை அலசிக் கொல்லைக்குக் கொண்டுபோனார். நீலச் சட்டைக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டு, கிளிப் கூடைக்குள் கைவிட்டார். சில்லென்று இரும்பு பட்டது.

இரண்டு கிளிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, சாவியை இன்னும் கொஞ்சம் அடியில் தள்ளிவிட்டார்.