வழி சொல்லாத அறிக்கை

ஆய்வகத்தில் மாதங்கியின் காலை, முத்திரை வைப்பதில் தொடங்கும். மரபணு வாசிப்பி முந்தைய நாள் முடித்து வைத்த அறிக்கைகளில் மூன்று பகுதிகள் இருக்கும். எந்த மரபணுவில் என்ன மாற்றம் என்பது முதல் பகுதி. அந்தக் குழந்தைக்கு எது உதவும் என்பது இரண்டாவது. இவை இரண்டும் பெற்றோருக்குப் போகும். மூன்றாவதை அவள் மட்டும் பார்ப்பாள். ரத்த மாதிரி மாறிவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, விரலை வைத்து மூடிவிடுவாள். அதன் பிறகு அது யாருக்கும் திறக்காது.

மூன்றாவது பகுதியின் பெயர் வழி. தாய்வழியா, தந்தைவழியா, இரண்டும் இல்லாமல் குழந்தையிடமே புதிதாகத் தோன்றியதா என்பதை அது சொல்லும்.

ஜீனோம் வாசிப்பது சர்க்கரைப் பரிசோதனை அளவுக்கு மலிவானபோது, ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோர் அறிவியலிடம் முதலில் கேட்டது, பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்பதை அல்ல. யாரிடமிருந்து வந்தது என்பதைத்தான். குடும்ப நீதிமன்றங்கள் நிரம்பி வழிந்தன. வழிமறைப்புச் சட்டம் வந்தது அதனால்தான். அதற்காக ஆணையத்தின் முன் வாதாடியவர்களில் மாதங்கியும் ஒருத்தி. மறைத்தால் எல்லோருக்கும் மறைக்க வேண்டும் என்றாள் அவள். ஒருத்தியிடம் மட்டும் ‘உன் வழி இல்லை’ என்று சொல்லிவிட்டால், சொல்லாமல் விடப்பட்ட மற்றவர்களை அந்த மௌனமே காட்டிக்கொடுக்கும்.

அன்று முதலில் வந்தவள் பூவிழி. அவளுடைய ஐந்து வயது மகள் நறுமுகை, உள்ளே வந்ததும் குளிர்பெட்டியின் பக்கவாட்டில் கன்னத்தையும் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, அதன் அதிர்வில் கண் மூடி நின்றுவிட்டாள். கணவன் மணிமாறன் வெளியே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். எந்தச் சத்தங்கள் நறுமுகையை வருத்தும், தூக்கத்துக்கு என்ன செய்யலாம், வலிப்பு வருகிறதா என்று எப்படிக் கவனிக்க வேண்டும் என்றெல்லாம் மாதங்கி விளக்கினாள். பூவிழி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். பிறகு தன் கதையைச் சொன்னாள்.

மாமியார், பூவிழியின் உறவில் ஒவ்வொருவராகத் தேடிப்பார்த்து, யாரோடும் பேசாமல் வாழ்ந்து போன அவளுடைய தாய்மாமா ஒருவரைக் கண்டுபிடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசப்போகிறார்கள். கல்யாணத்தையே தீர்த்துவிடுவது என்றுதான் பேச்சு. கணவன் வாயே திறப்பதில்லை.

“என்னோடதுன்னா நானே கெளம்பிடறேனுங்க. இல்லைன்னா இருந்து பேசுவேன். நீங்க சொல்லக்கூட வேண்டாம். தலையை ஆட்டுனா போதும்.”

அந்தப் பதில் மாதங்கிக்குத் தெரியும். தாய்வழியும் இல்லை, தந்தைவழியும் இல்லை. கரு உருவான நேரத்தில் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது, அவ்வளவுதான். யாருடைய மூதாதையிடமும் இல்லாத அது நறுமுகையோடுதான் உலகத்துக்கு வந்தது. தலையசைப்பது எத்தனை சுலபம் என்பதை அவள் கழுத்திலேயே உணர்ந்தாள். ஆனால் கண்ணாடிக் கதவுக்கு அப்பால், பச்சைச் சுரிதார் அணிந்த ஒரு பெண் மகனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுடைய அறிக்கையையும் மாதங்கி பார்த்திருந்தாள். அது தாய்வழி.

“சொல்ல முடியாதும்மா.”

பூவிழி அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். “அவங்களுக்கும் இதேதானுங்களா?”

“எல்லாருக்கும் இதேதான்.”

“நீங்க ரொம்ப நல்லவங்க. அதான் ஒரு உதவியும் பண்ண மாட்டேங்கறீங்க.”

மகள் தானாகக் கையை எடுக்கும்வரை பூவிழி பொறுத்திருந்து, அவளை அழைத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு பாதி திறந்திருந்தது. கணவனிடம் பேசிய அவள் குரலில் கோபமோ அழுகையோ இல்லை.

“என் வழிதானுங்க. டாக்டர் சொல்லலை, நானே சொல்றேன். எங்க மாமா மாதிரிதான் இவ. ஞாயித்துக்கெழமை யாரும் கூடிப் பேச வேண்டியதில்லை. எம்புள்ளையோட நான் போய்க்கறேன்.”

பச்சைச் சுரிதார்ப் பெண் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பூவிழி நிற்காமல் படியிறங்கினாள்.

அவள் சொன்னது உண்மை இல்லை என்று தெரிந்தவள் மாதங்கி ஒருத்திதான். பொய்யைத் திருத்துவதற்குக்கூட, அவள் வாதாடி வாங்கிய சட்டத்தில் இடம் இல்லை.

சற்று நேரத்தில் மணிமாறன் உள்ளே வந்து நின்றான். அவள் சொன்னது நிஜமா என்று கேட்டான். சொல்ல முடியாது என்ற அதே பதிலை மாதங்கி சொன்னாள். அவன் அதை ‘ஆமாம்’ என்றே எடுத்துக்கொண்டான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான்.

“எங்கம்மாவுக்கு இது போதுமுங்க. காலம் பூராச் சொல்லிக் காமிப்பாங்க.” கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை இறுக்கி மூடினான். “ஏனுங்க மேடம், என் வழின்னு நான் வீட்டுல சொல்லிட்டா, இல்லைன்னு யாராச்சும் நிரூபிக்க முடியுங்களா?”

“முடியாது.”

“நீங்க?”

“நானும் சொல்ல மாட்டேன்.”

“எங்கப்பாவும் அந்த மாமா மாதிரி யாரோடயும் பெருசாப் பேசமாட்டாரு. அம்மா நம்பிருவாங்க.” லேசாகச் சிரித்தான். “இவளை மொதல்ல நிறுத்தோணும். வேகமா நடப்பா.”

அவன் போன திசையையே மாதங்கி பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் இருவரிடமிருந்தும் வரவில்லை என்று ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் போலிருந்தது. சொல்லவில்லை. இம்முறை அவள் சொல்லாமல் இருந்தது சட்டத்துக்காக அல்ல.