வெட்டிய இடத்தில் பூ

அந்த வீட்டுத் திராட்சைக் கொடிக்கு மூன்று வயது. தோட்டத்துப் பந்தல் முழுவதும் அதன் இலைகள்தான். குறை ஒன்றே ஒன்று. இதுவரை ஒரு பழம்கூடக் காய்த்ததில்லை.

"இது திராட்சைக் கொடி இல்ல, இலைக் கொடி" என்பார் அப்பா. அவர் பேருந்து ஓட்டுநர். "காய்க்கும் காய்க்கும்னு காத்திருந்து எனக்கு முடி கொட்டினதுதான் மிச்சம். அடுத்த மாசம் இதை எடுத்துட்டு என் பைக்கை நிறுத்த ஒரு கொட்டகை போட்டுடலாம்."

அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். இதைக் கேட்டதும் அவருடைய தையல் இயந்திரம் கொஞ்சம் வேகமாக ஓடும். சாண் நீளக் குச்சியாக அந்தக் கொடியை நட்டவர் அம்மாதான். அதில் ஒரு இலையைக் கிள்ளினாலும் அவருக்குப் பொறுக்காது.

அதனால்தான் பக்கத்து வீட்டு சைக்கிள் கடை மாமாவோடு அம்மா மூன்று வாரமாகப் பேசுவதில்லை. சுவரைத் தாண்டித் தொங்கிய ஒரு கிளையை மாமா கத்தரித்துவிட்டார். "இலையெல்லாம் என் தண்ணித் தொட்டியில கொட்டுதுங்க" என்று அவர் சொன்னது அம்மாவின் காதில் ஏறவே இல்லை.

ஒருநாள் அம்மா வெட்டிவைத்த சட்டைக் காலர் அளவுக் காகிதம் காற்றில் பறந்து, சுவர்மேல் போய் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்கச் சுவரில் ஏறினாள் அம்மாவின் மகள். ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டாள் என்பதால் எல்லோரும் அவளைத் துருதுரு என்றே கூப்பிடுவார்கள்.

காகிதத்தை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மாமா வெட்டிய கிளையில் புதுத் துளிர் ஒன்று நீண்டிருந்தது. அதன் இலைக்கு எதிரே கடுகுகடுகாகப் பச்சை மொட்டுகள், கொத்தாக!

பந்தல் முழுவதும் தேடினாள். வேறு எங்கும் ஒரு மொட்டுகூட இல்லை.

"அம்மா! வெட்டின இடத்துல மட்டும் பூ வந்திருக்கு!"

அம்மா முக்காலி போட்டு ஏறிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்படின்னா மத்த கிளையையும் வெட்டினா பூக்கும்ல?"

"ஐயோ! மூணு வருஷமா வளர்த்தது. பட்டுப்போச்சுன்னா?"

துருதுரு விரலைக் கடித்தபடி யோசித்தாள். "அப்ப பாதி மட்டும் வெட்டலாம்மா. சுவர்ப் பக்கத்துப் பாதி. தப்பாப் போனாலும் இன்னொரு பாதி இருக்கும்ல?"

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. ஆனா என் கையால வெட்ட வராதுடி."

"வெட்டத் தெரிஞ்சவர்தான் பக்கத்துலயே இருக்காரே!"

அம்மா ஏதும் சொல்வதற்குள் அவள் சுவர்மேல் ஏறிவிட்டாள். "மாமா! நீங்க வெட்டின கிளை பூத்திருக்கு. மிச்சத்தையும் வெட்டித் தர்றீங்களா?"

சைக்கிள் கடை மாமாவின் கையிலிருந்து திருப்புளி நழுவியது. "திட்டத்தான் கூப்பிடுறியோன்னு பயந்துட்டேன் பாப்பா!"

அன்று மாலையே பெரிய கத்தரிக்கோலோடு வந்தார். துருதுரு காட்டிய இடங்களில், சில கணுக்களை மட்டும் விட்டுவிட்டு வெட்டினார். பாதிப் பந்தல் மொட்டையானது. வெட்டிய முனைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது.

"கொடி அழுவுது பாருடி" என்றார் அம்மா. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

துருதுரு தினமும் பள்ளிக்குப் போகுமுன் ஒருமுறையும் வந்ததும் ஒருமுறையும் ஓடிப்போய்ப் பார்த்தாள். மூன்றாம் நாள் தண்ணீர் நின்றது. பத்தாம் நாள் கணுக்கள் புடைத்தன. பிறகு துளிர், துளிருக்குப் பின் கொத்துக்கொத்தாக மொட்டு!

முதல் மொட்டைப் பார்த்ததும் அம்மா சுவரோரம் போனார். "அண்ணே, இங்க வந்து பாருங்க!" என்று அவரே கூப்பிட்டார்.

அப்பா பந்தலுக்குக் கீழே நின்று தலையைச் சொறிந்தார். "கொட்டகை இப்ப வேண்டாம். வண்டி நனைஞ்சா நனையட்டும்."

நான்கு மாதத்தில் அந்தப் பாதிப் பந்தல் கனத்தில் தாழ்ந்து வந்தது. கருநீலக் குலைகள்! வெட்டாத பாதியில் வழக்கம்போல இலைகள்.

சைக்கிள் கடை மாமா ஒரு பழத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. அவர் வாயில் ஏழு பழங்கள் இருந்தன.

மறுநாள் துணி தைக்கக் கொடுக்க வந்த டீச்சருக்கு அம்மா ஒரு குலை நீட்டினார்.

"அடேயப்பா, உங்க வீட்டுலயே காய்ச்சதா? எப்படி வளர்த்தீங்க?"

"நட்டது மட்டும்தாங்க நான்" என்றார் அம்மா. "காய்க்க வெச்சது என் பொண்ணு. மூணு வருஷமா நாங்க எல்லாரும் பார்த்த கொடிதான். அவ ஒருத்திதான் கவனிச்சா."

கதவோரம் நின்ற துருதுருவுக்கு என்னவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் வாய் நிறையத் திராட்சை. அதனால் காதுவரை சிரித்துவைத்தாள்.