மூடிய தொலைநோக்கியில் தெரிந்தது

மூடி போட்ட தொலைநோக்கியில் எதுவும் தெரியக் கூடாது. கேமராவின் சொந்தக் கறைகளைக் கழிப்பதற்காக ராத்திரிக்கு ஒரு முறை எடுக்கும் இருட்டுப் படம் அது. ஆனால் ஹேரினின் திரையில், அந்தக் கறுப்பின் நடுவே, மெல்லிய செந்நிறக் கோடு ஒன்று கிடந்தது.

அவளுக்குப் பழகிய கோடுதான். குளிர்காலம் முழுக்க அவள் ஆராய்ந்துவந்த வில்லை வடிவ விண்மீன் மண்டலம்: சுருள் கரங்கள் கிடையாது, புதிதாக ஒரு நட்சத்திரமும் பிறப்பதில்லை, எல்லாம் கிழட்டுச் சிவப்பு. தட்டைப் பக்கவாட்டில் பிடித்ததுபோல் நமக்கு விளிம்பை மட்டுமே காட்டுவது.

"மூடியைப் போட மறந்துட்டேன் போல," என்றாள்.

எதிரே பார்லித் தேநீரை ஊதிக்கொண்டிருந்த சீனியர் தூவோன் சிரித்தான். "நீ மறப்பியா? பூட்டுன கதவை நாலு தடவை இழுத்துப் பார்க்குற ஆளு!"

"எதுக்கும் மேல போய்ப் பார்த்துட்டு வாங்கண்ணா."

"இந்தப் பனியில என்னை அனுப்பிட்டு என் நூடுல்ஸ்ல கை வெச்சே, தொலைஞ்சே."

அவன் வாக்கி-டாக்கியோடு இரும்புப் படிகளில் ஏறிய ஓசை தேய்ந்து, கங்வோன் மலைக்காற்று குவிமாடத் தகட்டைச் சுரண்டும் சத்தமும், கணினி விசிறியின் முனகலும், வறுத்த பார்லி வாசமும் மட்டும் அறையில் மிஞ்சின. இன்னொரு இருட்டுப் படம் எடுத்தாள்.

கோடு தடித்திருந்தது.

அடுத்ததில், நீள்வட்டம்.

விண்மீன் மண்டலம் அப்படித் திரும்ப மனிதகுலத்தின் ஆயுளே போதாது. தப்பு தன்னுடையதுதான் என்று எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தாள். தப்பில்லை.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "மூடி இறுக்கமாத்தான் இருக்கு. ஆனா இடுக்குல சிவப்பா... இரு, திறந்து பார்க்கிறேன்."

"வேண்டாம்ணா! கீழ வந்துடுங்க!"

மூடி கழலும் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த படம். அகலத் திறந்த சிவப்பு. நடுவில் கறுப்பு வட்டம். அதற்குள், டார்ச்சைத் தூக்கிப் பிடித்த ஒரு சின்ன உருவம்.

"அண்ணா?"

விசிறி நின்றிருந்தது. காற்றும்.

அவள் எதையும் தொடவில்லை. அடுத்த படம் தானாக வந்தது.

மறுபடி கோடு. மூடிய இமை.

பக்கத்தில், அதே நீளத்தில், இன்னொன்று. பாதி திறந்திருந்தது. அதன் கறுப்பில் ஒரு மேசை விளக்கு. ஆவி பறக்கும் கோப்பை. திரையை நோக்கிக் குனிந்த அவளுடைய தலை.